தேய்ந்த ஆனையும் தேய்த்த கையும்

"அண்ணி, இது எங்கட காசில்லை."

ஞாயிறு பூசை முடிந்து, சனம் கோயில் முற்றத்து வேம்பின் கீழ் நின்று கதைக்கிற நேரம் அது. அனிஸ்ரன் இதை வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். குசினி வாசலில் நின்று மெதுவாகக் கேட்டிருக்கலாம். கனடாவிலிருந்து அத்தனை கடல் தாண்டிப் பறந்து வந்தவனுக்கு, கோயிலுக்கு ஐந்நூறு யார் தள்ளியிருந்த அண்ணியின் வீட்டுக்கு வரக் கால் எழும்பவில்லை. முழுக் கிராமமும் பார்க்க, உள்ளங்கையில் ஒரு வெள்ளிக்காசை ஏந்திக்கொண்டு சொன்னான்.

புனிதமலருக்கு முதலில் விளங்கவில்லை. ஏதோ பகிடி விடுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள்.

"எங்கட காசில்லாமல் பின்ன ஆற்ற காசு? ராசாவின்ரயோ?"

"பகிடியில்லை அண்ணி. எங்கட ஆனைக்காசு கறுப்பு. இது அலுமினியம் மாதிரி வெள்ளையாக் கிடக்கு. ஆனையின்ர முகத்தையும் காணேல்ல. வவுனியாவில ஒரு நகைக்கடைக்காரன் பார்த்த உடன 'இது புதுசாச் செய்தது' எண்டு சொல்லிப்போட்டான். உண்மையைச் சொல்லுங்கோ. பழசை ஆருக்கு வித்தனீங்கள்?"

பின்வரிசையில் நின்ற ஒருத்தி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "மினுக்கி மினுக்கிக் கடைசியில இதையும் மினுக்கிப் போட்டா" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்தி, போன மாதம் தன் மகளின் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கை மினுக்கித் தரச் சொல்லிப் புனிதமலரிடம் கொண்டுவந்து கொடுத்தவள்!

முல்லைத்தீவுக் கரையில் இருக்கிற அந்தக் கிராமத்தின் பெயர் இங்கே வேண்டாம். புனிதமலரைப் பற்றிச் சொன்னால் போதும்.

ஐம்பத்தைந்து வயது. விடிய ஐந்து மணிக்குக் கடற்கரைக்குப் போவாள். கரைக்கு வருகிற படகுகளின் வலைகளில் மீன் கழற்றி, சாதிவாரியாகப் பிரித்துப் பெட்டியில் போடுவது அவளுடைய தொழில். பகலில் கருவாடு காயப் போடுவாள். சனிக்கிழமை பின்னேரங்களில் கோயிலுக்குப் போய் பதினாலு மெழுகுதிரித் தண்டுகளையும், தூபக்கலசத்தையும், பீடத்து மணியையும் துலக்குவாள். பழப்புளியும், சீலையில் அரித்த சாம்பலும், கடைசியாக ஒரு சிட்டிகை பல்லுப்பொடியும்தான் அவளுடைய மருந்து. பித்தளையைத் துலக்குவதை அந்தப் பக்கத்தில் மினுக்குவது என்பார்கள். அதனால் அவளுக்கு மினுக்கி என்று பட்டப்பெயர் வந்தது. சோடித்துக்கொண்டு திரிகிற பெண்ணையும் அதே சொல்லால்தான் ஏசுவார்கள். வருடக் கணக்காக அது செல்லப்பெயராக இருந்தது. காதில் ஒரு தோடுகூட இல்லாத, விரலெல்லாம் புளியில் வெடித்துக் கறுத்த ஒரு விதவையை மினுக்கி என்று கூப்பிடுவதில் ஒரு பகிடி இருந்தது. அவளும் "ஓம், மினுக்கிதான், சொல்லுங்கோ" என்று திரும்பிப் பார்ப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே சொல் கல்லாகி வந்து நெஞ்சில் விழுந்தது.

ஆனைக்காசு அவளுடைய மாமனார் தோமஸ் சம்மாட்டியின் சொத்து. நாலு வலைக்கும் இரண்டு வள்ளத்துக்கும் சொந்தக்காரராக இருந்தவர். ஒருபக்கம் இலைமுடி சூடிய வெள்ளைக்கார ராசாவின் தலை, மறுபக்கம் ஒரு ஆனை, ஆனைக்குக் கீழே 1821 என்று ஆண்டு. அவருடைய பாட்டனின் பாட்டன் காலத்திலிருந்து கைமாறி வந்தது. சுனாமி வந்து புனிதமலரின் கணவன் மரியதாசையும் இரண்டு வள்ளங்களையும் கொண்டுபோன பிறகு, கிழவர் பாயில் விழுந்தார். சாகுமுன் அந்தக் காசை மருமகளின் கையில் வைத்து, "பிள்ளை, இது என்ர வயித்தில பிறந்த எல்லாருக்கும் சொந்தம். வைச்சிருக்கிறது நீ" என்றார்.

அவள் வைத்திருந்தாள். எப்படி வைத்திருந்தாள் என்று அனிஸ்ரனுக்குத் தெரியுமா? அப்போது அவன் கனடாவில் இருந்தான். கடைசிப் போரில் இடம்பெயரத் தொடங்கிய அன்று அவள் காசை உள்பாவாடையின் பட்டிக்குள் வைத்துத் தைத்தாள். பத்து மாதம் அந்த ஆனை அவளுடைய இடுப்பில் உரசிக்கொண்டு நடந்தது. வேர்வையில் ஊறியது. பதுங்குகுழிக்குள் அவளோடு குனிந்தது. எட்டு வயது மகள் நிதர்சனா பசியில் அழுதபோது, பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தில் ஒருவன் ஒரு பக்கற் பால்மாவை வைத்துக்கொண்டு வெள்ளி இருக்கிறதா, பொன் இருக்கிறதா என்று கேட்டுத் திரிந்தான். பெற்ற பிள்ளைக்கு முன்னால், மார்பில் கல்லை வைத்துக்கொண்டு, இல்லை என்று சொன்னவள் அவள்! எல்லாருக்கும் சொந்தமானதைத் தன் பிள்ளைக்காக விற்கக் கூடாது என்று நினைத்த அந்த மனுஷியைப் பார்த்தா, "ஆருக்கு வித்தனீங்கள்" என்று கேட்டான்?

அடுத்த நாள் காலையில் கோயில் கொமிற்றிச் செயலாளர் நிறோஜன் வந்தான். புதுக்குடியிருப்பில் ரியூசன் படிப்பிக்கிற பொடியன். வேலிப் படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டு, நிலத்தைப் பார்த்துக் கதைத்தான்.

"மாமி, குறை நினையாதேங்கோ. திருநாள் முடியும்மட்டும் கோயில் சாவி கொமிற்றியிட்ட இருக்கட்டும் எண்டு…"

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும் எண்டு ஒரு ஆள் எங்கட ஊரில இல்லை தம்பி. பேரைச் சொல்லு."

நிறோஜன் சைக்கிள் மணியை விரலால் தடவினான். மீள்குடியேறி வந்து, கூரையில்லாத கோயிலில் படங்கு கட்டி முதல் பூசை வைத்த நாளிலிருந்து அந்தச் சாவி அவளுடைய இடுப்பில் இருந்தது. பித்தளைகளும் வெள்ளிக் கிண்ணமும் இருக்கிற பின்னறைச் சாவி. அவள் அதை அவிழ்த்தாள். கையில் கொடுக்கவில்லை. படலைத் தூணின்மேல் வைத்தாள்.

"எடு. ஆனால் ஒண்டு கேட்டுக்கொள். திருநாளுக்கிடையில இதை நீங்கள் எல்லாரும் திருப்பிக் கொண்டந்து தருவியள். தராட்டி நான் அந்தக் கோயில் வாசல்படி மிதியன். இப்ப போய் அனிஸ்ரனிட்டச் சொல்லு. கிளிநொச்சியில ஆரோ காசு பார்க்கிற ஆளோட கதைச்சவராம் அவர். அந்த ஆளிட்டயே போவம். நீ சாட்சி."

ஏன் அந்தக் காசு வெள்ளையானது என்பதை இங்கே சொல்ல வேண்டும். அனிஸ்ரன் வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன், அவளுடைய போனுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தான். காசை விற்று, தகப்பன் பெயரில் கோயிலுக்கு ஒரு பெரிய மணி வாங்கிக் கொடுப்பது அவனுடைய யோசனை. மணியில் தன் பெயரும் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தான். காசை எடுத்து வைக்கும்படியும், அது துப்பரவாக இருக்க வேண்டும் என்று காசுக்காரர் சொன்னதாகவும் அந்தப் பதிவில் இருந்தது.

துப்பரவு! நாற்பது வருடம் பித்தளை துலக்கியவளின் காதில் அந்தச் சொல் வேறெப்படி விழும்? திருநாளுக்குத் தண்டுகளை எப்படி மினுக்குவாளோ, அப்படிப் பின்னேரம் முழுவதும் இருந்து, புளி போட்டு, சாம்பல் போட்டு, பல்லுப்பொடி போட்டு, உள்ளங்கையில் வைத்துச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தாள். மாமனாரின் ஆனை பால்போல வெளுத்து வந்தபோது அவளுடைய கண் நிறைந்தது. இப்படி ஒரு வெளிச்சத்தை அது சம்மாட்டியின் காலத்திலும் கண்டிருக்காது என்று நினைத்தாள். அனிஸ்ரன் வந்திறங்கிய அன்றே அதைத் துணியில் சுற்றி அவனுக்குக் கொடுத்தனுப்பினாள்.

கிளிநொச்சிக்குப் போக அனிஸ்ரன் வான் பிடித்திருந்தான்.

"ஏறுங்கோ அண்ணி" என்றான்.

"நீங்கள் போங்கோ. நான் பஸ்ஸில வாறன்."

அந்த 'நீங்கள்' அவனைச் சுட்டது. ஒன்பது வயதில் தாயை இழந்து நின்றவனுக்குச் சோறு தீத்தி வளர்த்தவள். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு நாளாவது அவள் அவனை நீ என்றல்லாமல் கூப்பிட்டதில்லை. "டேய்" என்றிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

"நிறோஜன், காசை ஒரு என்வலப்பில போட்டு ஒட்டி, அதில உன்ர கையெழுத்தை வை. நீ அதோட வானில போ. என்ர கை அதுக்குக் கிட்டவும் இருக்கப்படாது. பிறகு நடுவழியில மாத்தினது எண்டும் ஒரு கதை வரும்."

பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கை புதுக்குடியிருப்புவரை வெறுமையாகவே வந்தது. ஊர்ப் பெண்கள் இருவர் ஏறி, அவளைக் கண்டுவிட்டுப் பின்னுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் திரும்பிப் பார்த்து, "இருங்கோவன். சீற்றைக் களவெடுத்து விக்கமாட்டன்" என்றாள். அவர்கள் யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். பரந்தன் சந்தி வரும்வரை அவள் பல்லைக் கடித்தபடியே இருந்தாள்.

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் செல்வநாயகத்தின் கடை. மணிக்கூடு திருத்துகிற கடை அது. பழைய காசும் முத்திரையும் வாங்கி விற்பதும் உண்டு. அறுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர். கண்ணில் செருகுகிற பூதக்கண்ணாடி வில்லை நெற்றியில் ஏறி நிற்க, கடித்த பாணை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். நிறோஜன் என்வலப்பைக் கிழித்துக் காசை மேசையில் வைத்தான். அவர் விளிம்பில் பிடித்து எடுத்தார். எடுத்த உடனேயே முகம் கோணிப்போனது.

"ஐயோ. ஆர் இந்தக் கொலையைச் செய்தது?"

"நான்தான்" என்றாள் புனிதமலர்.

"எதால?"

"புளியும் சாம்பலும். முடிவில பல்லுப்பொடி."

"பல்லுப்பொடியுமோ! அம்மா, நான் இந்தத் தம்பிக்கு வாய் நோகச் சொன்னனான். தேஞ்ச காசெண்டாலும் பரவாயில்லை, தேய்ச்ச காசெண்டால் கொண்டு வராதேங்கோ எண்டு. கை படாமல் துப்பரவா இருக்கோணும் எண்டு."

புனிதமலர் அனிஸ்ரனைப் பார்த்தாள். அவன் சுவரில் ஓடிக்கொண்டிருந்த மணிக்கூடுகளைப் பார்த்தான்.

"அது பிறகு" என்றான் அவன். "இது அசலோ, புதுசாச் செய்ததோ? அதைச் சொல்லுங்கோ முதல்ல. பழைய காசின்ர படம் என்ர போனில இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முந்தி வந்தபோது நானே எடுத்தது."

"படத்தை வையுங்கோ. நான் காசைப் பார்க்கிறன்."

செல்வநாயகம் வில்லையை இறக்கி, மேசை விளக்கை இழுத்து, காசை மெதுவாகச் சரித்துச் சரித்துப் பார்த்தார். கடையில் மணிக்கூடுகளின் சத்தம் மட்டும். புனிதமலருக்கு அந்தச் சத்தமெல்லாம் தன் நெஞ்சுக்குள் இருந்து வருவதுபோல இருந்தது. இந்த மனிதர் ஒரு சொல் பிழையாகச் சொன்னால் தன் ஐம்பத்தைந்து வருட வாழ்க்கைக்கும் கள்ளி என்றல்லவா பெயராகிவிடும்?

"இஞ்ச வாங்கோ எல்லாரும்" என்றார் அவர். "காசுக்குத் தரம் பார்க்கேக்க ரெண்டு விசயம். எவ்வளவு தேஞ்சிருக்கு எண்டது ஒண்டு. மேல்தோல் எப்பிடிக் கிடக்கு எண்டது மற்றது. முதல்ல தேய்வு. காசில உயர்ந்து நிக்கிற இடம்தான் முன்னுக்குத் தேயும். ராசாவுக்குக் காதுக்கு மேல முடியும் கன்னமும். ஆனைக்கு நெத்தியும் தோளும். பாருங்கோ, முடி ஒரே தட்டையாக் கிடக்கு. ஆனையின்ர நெத்தி வழிச்செடுத்த மாதிரிப் போயிட்டுது. இது ஒரு பின்னேர வேலையில்லை. நூறு நூற்றைம்பது வருசம் கையிலயும் மடியிலயும் கிடந்தால்தான் இப்பிடித் தேயும்."

"அப்ப செய்த காசு?"

"வார்த்துச் செய்த காசில மேடும் பள்ளமும் ஒரே மழுப்பலா இருக்கும். இதில மேடு தேஞ்சிருக்கு, பள்ளத்துக்குள்ள எழுத்தின்ர அடி கத்தி மாதிரி நிக்குது. எழுத்து மூலையில இன்னும் கறுப்பு இருக்கு, பாருங்கோ. அம்மாவின்ர விரல் போகாத இடம். இது அசல் காசு தம்பி."

நிறோஜன் பெருமூச்சு விட்டான். அனிஸ்ரன் விடவில்லை.

"அசலாயிருக்கலாம். எங்கட காசு எண்டு என்ன நிச்சயம்? நல்லதை வித்துப்போட்டுத் தேஞ்ச ஒண்டை வாங்கி வைச்சிருக்கலாம்தானே?"

"அண்ணை!" என்றான் நிறோஜன். அவனுக்கே பொறுக்கவில்லை. புனிதமலர் மேசையின் விளிம்பைப் பிடித்தாள். விரல் வெளுத்தது.

செல்வநாயகம் அனிஸ்ரனின் போனை வாங்கிப் படத்தை விரித்துப் பெரிதாக்கினார். படத்துக்கும் காசுக்கும் இடையில் கண் நாலைந்து தரம் போய் வந்தது.

"படத்தில வெளிச்சம் அடிச்சிருக்கு. அப்பிடியான படத்தில தேய்வு தெரியாது. காயம் தெரியும். விளிம்பில, ஆனையின்ர பின்னங்காலுக்கு நேர, ஒரு நெல்லளவு நசுக்கம். காசிலயும் இருக்கு, படத்திலயும் இருக்கு. சரியோ? இன்னொண்டு. ஆனையின்ர வயித்துக்குக் கீழ ஒரு குழி. ஆரோ விசரன் ஆணி வைச்சு அடிச்சிருக்கிறான், ஓட்டை போட. படத்திலயும் அதே இடம், அதே குழி. மினுக்கினால் கறுப்புப் போகும், பளபளப்பு வரும். காயம் போகாது. இது அதே காசு."

அனிஸ்ரன் குனிந்து, கண்ணைச் சுருக்கி, அந்தக் குழியைப் பார்த்தான். பார்த்தபடியே இருந்தான். அவனுடைய காது சிவந்து வந்தது.

புனிதமலருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவளே மறந்துபோன கதை அது. கல்யாணமாகி வந்த முதல் வருடம். ஒன்பது வயது அனிஸ்ரன், செத்துப்போன தாயின் படத்துக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று காசை எடுத்து, வள்ளம் கட்டுகிற ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்தான். சம்மாட்டி கண்டுபிடித்து, "ஆர் செய்தது?" என்று அடிக்கப் புளியம் மிலாறோடு நின்றபோது, குசினிக்குள் இருந்து ஓடிவந்து, "என்ர கையால தவறுப்பட்டு அம்மியில விழுந்திட்டுது மாமா" என்று சொன்னவள் புது மருமகள். ஒரு வருடம் முழுக்கக் கை நிதானமில்லாதவள் என்று பேச்சு வாங்கினாள்.

"அந்த விசரன்" என்றாள் புனிதமலர், ஒவ்வொரு சொல்லாக, "உங்களுக்கு முன்னால நிக்கிறார் ஐயா."

அனிஸ்ரன் கதிரையில் அமர்ந்துவிட்டான்.

அவள் விடவில்லை. விடவேண்டிய அவசியமும் இல்லை. கைப்பையைத் திறந்து போனை எடுத்து, தட்டித் தடவி, அந்தக் குரல்பதிவைக் கண்டுபிடித்து மேசையில் வைத்தாள். அனிஸ்ரனின் குரல் கடை முழுக்கக் கேட்டது:

"அண்ணி, நான் வாறதுக்கிடையில ஆனைக்காசை எடுத்து வையுங்கோ. காசு பார்க்கிற ஆளோட கதைச்சனான். தேஞ்சிருந்தாலும் பிரச்சினையில்லையாம். ஆனால் நல்லாத் துப்பரவா இருக்கோணுமாம்."

"நான் சொன்னதில பாதியை விழுங்கிப்போட்டீரே தம்பி" என்றார் செல்வநாயகம். பிறகு புனிதமலரிடம் திரும்பினார். அவருடைய குரல் தணிந்திருந்தது. "ஆனால் அம்மா, உண்மையை மறைக்கேலாது. இனி இதை விக்கிறதெண்டால் துலக்கின காசு எண்டு சொல்லித்தான் விக்கோணும். தேய்வுக்கு நடுத்தரம். அப்பிடியே விட்டிருந்தால் நாற்பதாயிரம் மட்டும் கேட்டிருக்கலாம். இப்ப பத்துக்கு மேல ஒருத்தரும் தரமாட்டினம்."

"இதென்ன நியாயம் ஐயா?" அவளுடைய குரல் உடைந்தது. "அழுக்குக்கு விலை, துப்பரவுக்கு விலையில்லையோ?"

"அது அழுக்கில்லை அம்மா. காசின்ர தோல். இருநூறு வருசமாப் பிடிச்ச தோல். உரிச்சால் திரும்ப வராது."

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். வெடித்துக் கறுத்த ரேகைகள். இவ்வளவு மரியாதையோடு செய்த ஒரு வேலை ஒரு பொருளைக் காயப்படுத்தும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்ல வேண்டியவன் பாதியைச் சொன்னான். அதற்குமேல் அவளுக்குக் குற்றமும் சாட்டினான்.

"நாற்பதாயிரமோ?" என்றான் அனிஸ்ரன் நம்பாமல். "எனக்கு அங்க ஒருத்தன் இந்தப் படத்தைப் பார்த்து மூண்டு லட்சம் எண்டவன்."

"கையே படாத காசுக்கு மூண்டு லட்சம். இது கை பட்ட காசு. வெளிச்சம் அடிச்ச படத்தைப் பார்த்து அவன் தேய்வைக் காணேல்ல. உங்கட மூண்டு லட்சம் ஒரு நாளும் இந்தக் காசில இருந்ததில்லைத் தம்பி."

இல்லாத மூன்று லட்சம்! அதற்காகத்தான் ஒரு மனுஷியைக் கோயில் முற்றத்தில் நிறுத்தி வைத்துக் கள்ளியாக்கினார்கள். அதற்காகத்தான் அவளுடைய இடுப்பிலிருந்த சாவியைப் பறித்தார்கள். அந்த இடுப்பிலும் பத்து மாதம் உரசித்தான் அந்த ஆனை முகமிழந்தது என்று ஒரு ஆளாவது யோசித்தாரா?

கடைக்கு வெளியே, வானுக்குப் பக்கத்தில், அனிஸ்ரன் அவளுடைய கையைப் பிடிக்க வந்தான்.

"அண்ணி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. காசை நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு ஒண்டும் வேண்டாம். இதை இதோட விடுவம்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"எதோட விடுறது? றோட்டில வைச்சுக் காதுக்குள்ள சொல்லுறியள். கள்ளி எண்டதை எங்க வைச்சுச் சொன்னனீங்கள்? வேம்புக்குக் கீழ. பூசை முடிஞ்சு. எந்த இடத்தில விழுத்தினியளோ, அந்த இடத்தில எடுங்கோ."

"வெள்ளிக்கிழமை எனக்குப் பிளேன் அண்ணி."

"அப்ப போங்கோ. நானும் கோயிலுக்கு வாறதை விடுறன்."

அனிஸ்ரன் பயணத்தைத் தள்ளிப்போட்டான். தள்ளிப்போட வைத்தது மனச்சாட்சியா, நிறோஜன் ஊருக்குள் போய்ச் சொன்ன ஆணிக் கதையா என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

திருநாளுக்கு முதல் ஞாயிறு. பூசை முடிந்தது. சனம் வழக்கத்தைவிடக் கூட. புனிதமலர் கோயிலுக்குள் வரவில்லை. முற்றத்தின் விளிம்பில், வேலிக்கு வெளியே நின்றாள். அனிஸ்ரன் வேம்பின் கீழ் வந்து தொண்டையைச் செருமினான். எழுதிவைத்துப் பாடமாக்கியவன்போலத் தொடங்கினான்.

"அன்பான உறவுகளே, போன கிழமை ஒரு சின்ன விளக்கக்குறைவு ஏற்பட்டது. அது இப்ப சுமுகமாத் தீர்ந்திட்டுது. எங்கட குடும்பத்தில எல்லாரும் ஒற்றுமையா…"

"நிப்பாட்டுங்கோ."

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"இது தேய்ச்ச மன்னிப்பு. பளபளக்குது. எனக்கு வேண்டாம். நீங்கள் என்னை என்ன சொன்னனீங்கள்? அதைச் சொல்லுங்கோ."

பின்வரிசையில் அன்று சிரித்த பெண்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். காகம் ஒன்று கொப்பில் இருந்து கத்தியது. பிறகு அந்த நாற்பத்து நாலு வயது மனிதனின் முகம், மிலாறைக் கண்ட ஒன்பது வயதுப் பிள்ளையின் முகமாகக் குலைந்தது.

"கள்ளி எண்டு சொன்னனான்" என்றான். "என்ர அண்ணியை. அவா களவெடுக்கேல்ல. காசு அதே காசு. துப்பரவாக்கச் சொன்னதும் நான்தான், ஆணி அடிச்சதும் நான்தான். அப்பாட்ட அடி வாங்காமல் காப்பாத்தினவா அவா. நான்… நான்தான் பொய்யன்."

அதற்குமேல் அவனால் முடியவில்லை. நிறோஜன் முன்னால் வந்தான். சாவியை இரண்டு கையாலும் நீட்டினான். அவள் உடனே வாங்கவில்லை.

"நிறோஜன், அண்டைக்கு எல்லாரும் எண்டு சொன்னாய். அந்த எல்லாரும் எங்க?"

கொமிற்றித் தலைவர் ஒரு அடி எடுத்து வைத்தார். பிறகு இன்னொருவர். பிறகு வாயை மூடிக்கொண்டு சிரித்தவளும் கண் கலங்க முன்னால் வந்து, "குறை நினையாதேங்கோ அக்கா" என்றாள். புனிதமலர் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். ஒருவருக்கும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் சாவியை வாங்கி இடுப்பில் செருகினாள்.

அனிஸ்ரன் காசை நீட்டினான்.

"நீங்களே வைச்சிருங்கோ அண்ணி."

"உங்கட அப்பா அப்பிடித்தானே சொன்னவர். எல்லாருக்கும் சொந்தம், வைச்சிருக்கிறது நான்" என்றாள். காசைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். திரும்பி இரண்டு அடி நடந்தவள் நின்றாள். அவன் இன்னும் வேம்பின் கீழ் அப்படியே நின்றான். அவளுடைய வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லுக்காக அவன் காத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் விளையாட்டு முடிந்து வருகிறவனை, "டேய், சாப்பிட வா" என்று கூப்பிட்டவள் அவள்.

"மத்தியானம் பாரைக் குழம்பு வைச்சிருக்கிறன்" என்றாள். "சாப்பிட வாங்கோ."

'வா' என்று அவள் சொல்லவில்லை.